அபிதா சொன்ன பெயர்

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தோனிமுத்துவுக்குப் பூசையில் மனம் ஒட்டவில்லை. சாமியார் பிரசங்கத்தை முடிப்பதற்குள் மூன்று முறை கைப்பேசியை எடுத்து நேரம் பார்த்துவிட்டார். நான்காவது முறை எடுத்தபோது மனைவி விமலராணி முழங்கையால் இடித்தாள்.

"என்னப்பா, பன்னிரண்டு மணிக்குத்தானே புறோகிராம். அதுக்குள்ளை ஏன் இந்தப் பாடு படுறியள்?"

"நேரம் பாக்கக்கூடாதோ?" என்று முணுமுணுத்துவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

பன்னிரண்டு மணிக்கு லண்டன் தொலைக்காட்சி ஒன்றில் உரையாடல் நிகழ்ச்சி. ஞாயிறுதோறும் மூன்று பேரைச் சோபாவில் இருத்தி வைத்துச் சிரிக்கச் சிரிக்கக் கதைக்கும் நிகழ்ச்சி அது. அன்றைய மூவரில் ஒருத்தி அபிதா. இங்கிலாந்துப் பெண்கள் கிரிக்கெட் அணிக்குப் புதிதாக வந்திருக்கும் வேகப்பந்து வீச்சாளர், வயது இருபத்து மூன்று. இத்தாலியின் பலேர்மோ நகரில் பிறந்து, பன்னிரண்டு வயதுவரை அங்கே கால்சாப் பகுதியின் சந்துகளில் ஓடித் திரிந்த பிள்ளை. தகப்பன் சோதிலிங்கம் இத்தாலியக் குடியுரிமை கிடைத்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு லெஸ்டருக்குப் போய்விட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன் வாட்ஸப்பில் செய்தி வந்ததிலிருந்து பலேர்மோத் தமிழ்ச்சனம் நிலத்தில் கால் பாவாமல் நின்றது. எல்லோரும் ஒன்றாக இருந்து பார்ப்பது என்று முடிவாகியது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இராசரத்தினத்தின் பலசரக்குக் கடை இருந்தது. அதன் பின்னறையில் பெரிய டி.வி. இருந்தது. அந்தோனிமுத்து மட்டும் இரண்டு முறை தடுத்துப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை மட்ச் இருக்கல்லோ, அவரவர் வீட்டை போய் ஆறுதலாப் பாக்கலாம்தானே" என்றார். இருபது வருடமாக ஒரு ஞாயிறும் விடாமல் கிரிக்கெட் ஆட்டம் நடத்தியவர் என்பதால் அதை யாரும் வேறு மாதிரி எடுக்கவில்லை. உண்மையான காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தோனிமுத்து யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து இருபத்து நான்கு வயதில் பலேர்மோவுக்கு வந்தவர். இப்போது ஐம்பத்தேழு. முதலில் துறைமுகத்தடிச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். பிறகு படுக்கையில் கிடந்த ஒரு கிழவரை ஏழு வருடம் பராமரித்தார். கிழவர் இறந்தபின், அவர் மகள் பிடித்துக்கொடுத்த வேலைதான் கால்சாவில் ஒரு பழைய மாளிகைக் கட்டடத்தின் காவலாளி வேலை. எந்த வீட்டுக் குழாய் ஒழுகப் போகிறது, எந்த வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாவுக்கு யாரோடு கோபம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டு மகன்மாரும் வளர்ந்து மிலானோவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் பலேர்மோத் தமிழருக்கு அவரைத் தெரிந்தது வேலையால் அல்ல. ஃபோரோ இத்தாலிகோ கடற்கரைப் புல்வெளியில் 'பலேர்மோ ஸ்டார்ஸ்' என்ற அணியை உண்டாக்கியவர் அவர். டெனிஸ் பந்தைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டி, ஐஸ்கிரீம் பெட்டியை விக்கெட்டாக வைத்துத் தொடங்கிய ஆட்டம். பிந்தி வருபவனுக்குக் கடைசியில்தான் மட்டை. நடுவரோடு வாய் காட்டினால் ஒரு கிழமை தடை. அவர் சொன்னதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தில்தான் அபிதா இடறினாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. தகப்பன் விக்கெட் காப்பாளர்; அவரோடு வந்து எல்லைக்கோட்டில் நிற்பாள். ஒருநாள் ஆள் குறைந்தபோது கேட்காமலே பந்தை எடுத்து ஓடி வந்து வீசினாள். மட்டை பிடித்தவனின் காதோரமாகப் பந்து போனது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தோனிமுத்து விறுவிறுவென்று நடந்து போய் அவள் கையிலிருந்து பந்தைப் பிடுங்கினார்.

"இது பொம்பிளைப் பிள்ளையள் விளையாடுற இடமில்லை. கையைக் காலை முறிச்சுக்கொண்டு நிண்டால் நாளைக்கு ஆர் கலியாணம் முடிக்கிறது? போ, போய்க் கொம்மாவோடை சாப்பாட்டுப் பார்சலைப் பிரி."

சோதிலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிள்ளை அழவில்லை. எல்லைக்கோட்டுக்குப் போய் நின்றாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம், புல்வெளி தாண்டிப் போகும் பந்துகளையெல்லாம் ஓடிப் பொறுக்கி எறிவதுதான் அவள் வேலை. அந்த எறி விக்கெட்டுக்கு நேராக வந்து விழுவதை அந்தோனிமுத்து பார்த்தார். பார்த்தும் பேசாமல் இருந்தார். அன்றைக்கு நின்றவர்கள் எல்லோரும் பிறகு ஒவ்வொருவராக சோதிலிங்கத்தைப் போலவே இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். பலேர்மோவில் இந்தக் கதை தெரிந்த ஆள் என்று யாரும் மிஞ்சவில்லை. இன்றைக்கு அவள் வாயைத் திறந்தால் உலகத்துக்கே தெரிந்துவிடும்.

இராசரத்தினத்தின் பின்னறையில் அரிசி மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். இராசரத்தினம், வயது அறுபத்து நான்கு, தட்டில் வடையை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார். அவருக்கு அன்று கலியாண வீட்டு முகம்.

நிகழ்ச்சி தொடங்கியது. முதல் ஆள் ஒரு சமையற்காரர். அவர் முட்டை உடைத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது கடைக்குள் விளையாட்டுக் கதை சூடு பிடித்தது.

கூரியர் வாகனம் ஓட்டும் தனேஸ் தொடக்கி வைத்தான். பலேர்மோவிலேயே பிறந்தவன், கால்பந்துப் பைத்தியம். "பிரீமியர் லீக் எண்டால் தொண்ணூறு நிமிசத்திலை அலுவல் முடிஞ்சுது. உங்கடை டெஸ்ட் மட்ச் அஞ்சு நாள் விளையாடிப்போட்டுக் கடைசியிலை ஒருத்தரும் வெல்லேல்லை எண்டுவாங்கள். அஞ்சு நாள் லீவு எனக்கு ஆர் தருவான்?"

"சாப்பாட்டுக்கு ஒருக்கா, தேத்தண்ணிக்கு ஒருக்கா நிப்பாட்டி விளையாடுறாங்கள்," என்றார் இராசரத்தினம். "வேறை எந்த விளையாட்டிலை தேத்தண்ணிக்கு நேரம் விடுறாங்கள்? நாகரிகம் தெரிஞ்ச சனம், தம்பி."

"தூறல் விழுந்தால் பிட்சை மூடிப்போட்டு ஓடுறாங்கள். அதே ஆக்கள் ரக்பி எண்டால் சேத்துக்கை உருண்டு புரண்டு ஒருத்தன்ரை காதை ஒருத்தன் பிய்க்கிறாங்கள். அதுவும் நாகரிகமோ?"

"விம்பிள்டன்தான் எனக்கு விருப்பம்," என்றாள் விமலராணி. மூன்று வீடுகளில் துணி தோய்த்து இஸ்திரி போடுபவள் அவள். "எல்லாரும் வெள்ளை உடுப்பு. புல்லுக்கறை பட்டால் ஆர் தோய்க்கிறதோ தெரியேல்லை."

சிரிப்பு எழுந்தது. மற்ற நாளென்றால் அந்தோனிமுத்து பாதியிலேயே பாய்ந்து தனேஸை உண்டு இல்லையென்று ஆக்கியிருப்பார். இன்று கதிரையின் நுனியில் இருந்து முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன முத்து, வாய்க்கை என்ன கொழுக்கட்டையோ?" என்றார் இராசரத்தினம்.

"கொஞ்சம் காத்து வேணும் அண்ணை."

வெளியே போனார். அது மூன்றாவது தடவை. தெருவில் ஷிரோக்கோ என்ற பாலைவன வெப்பக்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. பயணப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஆட்கள் நிலையத்துக்கு ஓடினார்கள். அப்படியே ஒரு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். காலையில் சோதிலிங்கத்துக்கு அழைத்து, மணி ஒருமுறை அடித்ததும் வெட்டியிருந்தார். என்ன சொல்வது? உன்ரை மகளிட்டைச் சொல்லி என்னைக் காப்பாற்று என்றா?

உள்ளே கூச்சல் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், படம் உறைந்து போயிருந்தது. இரண்டாவது விருந்தினரான ஒரு நடிகர் வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தார்.

"அஸ்பெத்தா, பொறுங்கோ, ஒரு நிமிசம்!" தனேஸ் தன் கைப்பேசியிலிருந்து இணைப்புக் கொடுக்கப் பாடுபட்டான். படம் வரக்கூடாது என்று அந்தோனிமுத்துவின் மனம் மன்றாடியது. படம் வந்துவிட்டது.

கை தட்டலுக்கு நடுவே அபிதா நடந்து வந்தாள். தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தாள். தோள்கள் அகன்றிருந்தன. ஆனால் நடை அதே நடைதான். பின்னறையில் சீழ்க்கை பறந்தது. அறையில் பலருக்கு ஆங்கிலம் ஓடாது, அந்தோனிமுத்துவுக்கும் ஓடாது. தனேஸ் டி.வி.க்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்.

"பலேர்மோவைப் பற்றிக் கேக்கினம்... இப்பவும் பந்து போட ஓடி வரேக்கை அடியளை இத்தாலியனிலைதான் எண்ணுறவளாம்!"

எல்லோரும் கை தட்டினார்கள்.

"எல்லைக்கோட்டிலை இருந்து இவ்வளவு நேரா எறிய ஆர் பழக்கினது எண்டு கேக்கினம்." தனேஸ் காது கொடுத்துக் கேட்டுச் சிரித்தான். "ஆரும் பழக்கேல்லையாம். பலேர்மோவிலை ஒரு அங்கிள் அவளின்ரை கையிலை இருந்து பந்தைப் பறிச்சவராம். பொம்பிளைப் பிள்ளை விளையாடக்கூடாது எண்டு. அதாலை ரெண்டு வருசம் வெளியாலை நிண்டு பந்து பொறுக்கி எறிஞ்சவளாம். அப்பிடித்தான் கை பழகினதாம்."

அந்தோனிமுத்து கதிரையைச் சத்தமில்லாமல் வாசல் பக்கம் நகர்த்தினார். திரையில் நிகழ்ச்சி நடத்துபவர் குனிந்து, அந்த மனிதர் இப்போது பார்த்துக்கொண்டிருப்பாரா, அவர் பெயர் என்ன என்று கேட்டதைத் தனேஸ் சொன்னான். அபிதா ஒரு கணம் மேலே பார்த்து யோசித்தாள். பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"ரத்தினம் அங்கிள்."

அறை முழுவதும் இராசரத்தினத்தின் பக்கம் திரும்பியது. அவர் வடைத்தட்டோடு நின்றார்.

"ஐயோ அண்ணை, நீங்களே அப்பிடிச் செய்தது?" என்றாள் ஒரு பெண்.

"ரத்தினம் அங்கிள், உலகம் முழுக்க உங்கடை பேர்!" என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்.

"நானோ?" என்றார் இராசரத்தினம்.

உண்மையைச் சொன்னால், அந்தோனிமுத்துவுக்கு முதலில் வந்தது நிம்மதி. இரண்டு வாரமாக நெஞ்சில் ஏறியிருந்த கல் உருண்டு போய்விட்டது போல இருந்தது. முத்து அங்கிள், ரத்தினம் அங்கிள். பிள்ளைக்குப் பெயர் மாறிவிட்டது. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

அப்போதுதான் இராசரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார். கலியாண வீட்டு முகம் எங்கேயோ போயிருந்தது. மற்றவர்கள் சாப்பாட்டைப் பிரிக்கும்போது புல்வெளியின் மூலையில் அந்தப் பிள்ளைக்கு ஞாயிறுதோறும் பத்து நிமிடம் பந்து வீசச் சொல்லிக்கொடுத்தது இதே மனிதர்தான். பந்தைப் பறித்த அன்று அவர் வரவில்லை; அந்தக் கதை அவருக்குத் தெரியாது. கடையிலிருந்து மட்டை ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தவர். அவர் இப்போது தட்டை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, டி.வி.யைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

அந்தோனிமுத்து எழுந்தார்.

"அது இராசண்ணை இல்லை," என்றார். டி.வி. சத்தத்தில் அது எடுபடவில்லை. இன்னொரு முறை சொன்னார். "அது இராசண்ணை இல்லை. பந்தைப் பறிச்சது நான். பிள்ளை பேரை மாறிச் சொல்லிப்போட்டாள். இவர் அவளுக்கு ஒளிச்சு ஒளிச்சுப் பந்து போடப் பழக்கினவர்."

திரையில் அபிதா இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள். தனேஸ் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டான்.

"அதுதான் ரெண்டு கிழமையா நித்திரை கொள்ளாமல் உருண்டவரோ?" என்றாள் விமலராணி, யாரிடமென்று இல்லாமல்.

இராசரத்தினம் மெதுவாகத் திரும்பினார். "இஞ்சை இருக்கிற இருபது பேருக்கு நீ சொல்லிப்போட்டாய் முத்து. ரொறொன்ரோவிலை என்ரை மகள் விடிய எழும்பிப் பாத்துக்கொண்டு இருக்கிறாள். அவளுக்கு ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன் அண்ணை."

"இப்ப சொல்லு."

எல்லோர் முன்னிலும் அழைத்தார். இராசரத்தினத்தின் மகளிடம், ஆரம்பத்திலிருந்து, ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு கடைக்கு வெளியே போய்ச் சோதிலிங்கத்தையும் அழைத்தார். லெஸ்டரில் சோதிலிங்கம் முழுவதையும் கேட்டார்.

"அண்டைக்கு நானும் வாய் திறக்காமல்தானே நிண்டனான்," என்றார் கடைசியில். "நீங்கள் ஒரு நாள் பறிச்சியள். நான் ரெண்டு வருசம் பாத்துக்கொண்டு நிண்டன். பிள்ளையிட்டைச் சொல்லுறன் அண்ணை."

திங்கள் போனது. செவ்வாய் போனது. அந்தோனிமுத்து கட்டடத்து மாடிப்படியை ஒரே நாளில் இரண்டு முறை கழுவினார். மூன்றாம் மாடிச் சிஞ்ஞோரா எமிலியானா எட்டிப் பார்த்து, வழுக்கி விழுந்து சாகப் போகிறேன் என்று சத்தம் போட்டாள்.

புதன்கிழமை பின்னேரம் ஒரு குரல்செய்தி வந்தது. அவர் அதைத் திறக்காமலே இராசரத்தினத்தின் கடைக்கு நடந்தார். கடையில் அப்போது ஆட்கள் இல்லை. கைப்பேசியை இருவருக்கும் நடுவில் வைத்து அழுத்தினார்.

அபிதாவின் குரல். தமிழ், ஆனால் சொற்களின் வால்கள் எல்லாம் பலேர்மோத் தெருவின் இழுவையோடு.

"முத்து அங்கிள், அப்பா எல்லாம் சொன்னவர். ரத்தினம் அங்கிளிட்டை ஸ்கூசா, மன்னிப்புக் கேட்டனான் எண்டு சொல்லிவிடுங்கோ. பேர் கேட்டோடனை எனக்கு வேறை ஒரு பேரும் வரேல்லை. அந்த ஒரு பேர்தான் ஞாபகத்திலை நிண்டது. அவருக்கு நானே கோல் எடுக்கிறன்." பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "அடுத்த முறை ஆரும் கேட்டால் உங்கடை பேரைச் சரியாச் சொல்லுறன் அங்கிள். சியாவ், வைக்கிறன்."

இராசரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஒரு பேர்தான் ஞாபகத்திலை நிண்டதாமே," என்றார். "இன்னொருக்காப் போடு."

போட்டார்கள். பிறகும் ஒருமுறை போட்டார்கள். அந்தோனிமுத்து கடைசி வரியில் மட்டும் கைப்பேசியைக் காதோடு ஒட்டிப் பிடித்தார்.

"அண்ணை, என்ரை பேரைச் சொல்லுறன் எண்டேக்கை அவள் சிரிக்கிறாளோ?"

"சிரிக்கிற மாதிரித்தான் கிடக்கு."

"எனக்கு அப்பிடித் தெரியேல்லை."

"தா பாப்பம்," என்று இராசரத்தினம் வாங்கி மறுபடி கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். "சிரிக்கேல்லைத்தான் போலை கிடக்கு," என்றார். பிறகு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைக்குள் வந்த பெண்ணுக்குச் சிவப்பரிசி நிறுக்கப் போனார்.