ஓர் எண் தள்ளி

அவள் உலைக்கூடத்தில் வெப்பமானிகளைச் சோதிப்பவள். உலையின் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் வெப்பமானி காட்டிய அளவைப் புள்ளியாக வைத்து, எல்லாப் புள்ளிகளுக்கும் மிக நெருக்கமாக ஓடும் கோட்டை மீச்சிறு வர்க்க முறையில் வரைய மேலாளர் ஒரு கணினி நிரல் எழுதியிருந்தார். கோடு புள்ளிகளை விட்டு விலகியே ஓடியது.

"உன் கைதான் சரியில்ல, மறுபடி எடு!" என்று எல்லார் முன்னிலையிலும் விரட்டினார். அனலில் முகம் காந்த மறுபடி எடுத்தாள். கோடு அசையவில்லை.

எரிச்சலில் நிரலையே திறந்தாள். கணினிக்குப் பட்டியலின் முதல் இடம் பூஜ்ஜியம்; மேலாளரோ வெப்பநிலைப் பட்டியலைப் பூஜ்ஜியத்திலிருந்தும் அளவுப் பட்டியலை ஒன்றிலிருந்தும் எண்ணியிருந்தார். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் அடுத்ததன் அளவு ஜோடியாகியிருந்தது. திருத்தியதும் கோடு புள்ளிகளோடு ஒட்டிக்கொண்டது.

"சின்னத் தப்புதானேம்மா," என்று சிரித்தார் மேலாளர்.

"சின்னதுதான் சார். ஆனா எல்லார் முன்னாடியும்தானே திட்டினீங்க? அதே மாதிரி, தப்பு உங்களோடதுன்னு சொல்லுங்க."

அவர் திரும்பித் தன் மேசைக்கு நடந்தார். அவளே திரையைக் கூடத்தின் பக்கம் திருப்பி, அனைவரையும் கூப்பிட்டாள்.