நாலாவது கேள்வி கேட்காத வக்கீலம்மா

அந்தக் கோர்ட்டில் கிரிமினல் வக்கீல்கள் முப்பது பேருக்குக் குறையாது. முக்கால்வாசிப் பேர் எழுந்தால் கூரை அதிரும். வக்கீலம்மா எழுந்தால் மின்விசிறிச் சத்தம் கேட்கும். சாட்சியிடம் மூன்றே கேள்வி, பிறகு "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிடுவார். கட்சிக்காரர்களுக்கு வயிறு எரியும். அவர்களைச் சமாதானப்படுத்துவதே குமாஸ்தாவுக்குப் பாதி வேலை. "அம்மா உட்கார்ந்தா அர்த்தம் இருக்கும்யா" என்று இருபத்திரண்டு வருஷமாக வாய் வலிக்கச் சொல்லிவந்தார். அடுத்தவன் வழக்குக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், இல்லையா?

ஒருநாள் குமாஸ்தாவின் தங்கை புருஷனையே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மாப்பிள்ளை வெல்டர், இடது கன்னத்தில் பழைய தீக்காயத் தழும்பு. கிடங்குக் காவலாளியின் மண்டையை உடைத்துவிட்டு செம்புக் கம்பி திருடினார் என்று வழக்கு. பின்னாலிருந்து அடிபட்ட காவலாளி ஆளைப் பார்க்கவில்லை. நிரூபணமானால் ஏழு வருஷம். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் கிடங்கின் பின்கதவு வழியாக ஓடியதைப் பார்த்தேன் என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையோ அந்த நேரம் பட்டறையில் தனியாக இருந்தவர். ஒரு ஈ காக்காய் கூடப் பார்க்கவில்லை.

"அம்மா, அன்னிக்கு ஆறு மணிக்கு மாப்பிள்ளை என் வீட்ல என்கூட இருந்தார்னு நான் சாட்சி சொல்றேன்" என்றார் குமாஸ்தா. "எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியாதா?"

வக்கீலம்மா காகிதக் கட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேண்டாம்."

"தங்கச்சி ரெண்டு நாளா சாப்பிடலம்மா."

"வேண்டாம்னேன்."

குமாஸ்தாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாள் வக்கீலம்மா அந்த மருந்துக்கடைக்கே போய், நின்று நிதானமாகத் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். என் தங்கச்சி குடும்பம் நடுத்தெருவுக்கு வருது, இந்தம்மாவுக்குத் தலைவலியாம் என்று குமாஸ்தா பல்லைக் கடித்தார்.

விசாரணை நாளன்று மருந்துக்கடைக்காரர் கூண்டில் ஏறினார். வக்கீலம்மா எழுந்தார்.

"எங்க நின்னு பார்த்தீங்க?"

"என் கடைக்குள்ள, கல்லாகிட்ட."

"அங்கேருந்து அந்தப் பின்கதவு தெரியுமா?"

"நேரா தெரியாது. எதிர்ல மருந்து அலமாரிக்குப் பெரிய கண்ணாடிக் கதவு. அதுல பளிச்சுனு தெரிஞ்சுது."

"தழும்பு எந்தக் கன்னத்துல தெரிஞ்சுது?"

"இடது கன்னம். இதோ நிக்கிறாரே, இவரேதான்."

"அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். தங்கை அண்ணன் கையைப் பிடித்தாள். "என்னண்ணா இது, நம்ம வக்கீலே அவரைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சே?" குமாஸ்தா ஊருக்கெல்லாம் சொன்ன சமாதானம் கூடப்பிறந்தவளிடம் வரவில்லை.

வாதத்தன்று வக்கீலம்மா பேசியது ஐந்து நிமிஷம். "கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும். அலமாரியில் பார்த்தவருக்குத் தழும்பு வலது கன்னத்தில்தான் தெரிந்திருக்க வேண்டும். தயங்காமல் இடது என்கிறார். அப்படியென்றால் இந்த முகத்தை அவர் அலமாரியில் பார்க்கவில்லை, பிறகு எங்கேயோ நேரில் பார்த்திருக்கிறார்."

நீதிபதி தன்னையறியாமல் பேனாவால் தன் கன்னத்தையே தொட்டுப் பார்த்தார். வேறு சாட்சியமும் இல்லை. மாப்பிள்ளை விடுதலை.

குமாஸ்தா அலுவலகத்துக்கு வந்ததும் கேட்டார்: "இதை அன்னிக்கே அந்த ஆள்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா?"

"கேட்டிருந்தா, கண்ணாடின்னு தெரிஞ்சு மாத்திச் சொன்னேன்னு சொல்லியிருப்பார். தப்பிக்கிறதுக்கு நாமளே வாசலைத் திறந்து விடுறதா?"

இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்தும் தனக்கு இதுவும், மாத்திரை வாங்கப் போனதே அந்த அலமாரியைப் பார்க்கத்தான் என்பதும் உறைக்கவில்லையே என்று குமாஸ்தா மலைத்துப்போனார். ஆனாலும் ஆசை விடவில்லை. "என் சாட்சியையும் சேர்த்திருந்தா இன்னும் பலமா இருந்திருக்கும்."

"அன்னிக்கு ஆறு மணிக்கு நீங்க இங்க ஜாமீன் மனு டைப் அடிச்சிட்டிருந்தீங்க."

"அது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தானேம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல? நீங்க கூண்டுல ஏறியிருந்தா நான் கேஸை விட்டுட்டுப் போயிருப்பேன். உங்க மாப்பிள்ளை ஏழு வருஷம் உள்ள போனாலும் சரி."

குரலில் கோபமே இல்லை. செய்திருப்பார் என்பதில் குமாஸ்தாவுக்குத் துளி சந்தேகமும் இல்லை. நாளைக்குத் தன் தலையிலேயே ஒரு கேஸ் விழுந்தால் வேறு எந்த வக்கீல் வாசலையும் மிதிப்பதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்துகொண்டார்.