நாலாம் விரல்

விஜயகுமாரிக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அவள் வேலை எப்போதோ நிரந்தரமாகியிருக்கும். இது நடந்தது. பாகூரில், 1958-இல், கரும்பு வெட்டு நாளில், பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கவே வேண்டாம்.

பிரெஞ்சு அதிகாரி ஒருவர் குடியிருந்த பங்களா அப்போது பெண்கள் பள்ளியாகிவிட்டது. கூடத்தில் அவர்கள் விட்டுப்போன பியானோ. கட்டைகளை மூடும் பலகை அதற்குக் கிடையாது. துருப்பிடித்த கீல்கள் மட்டும் இருந்தன. தூசி விழாமல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார்கள்.

விஜயகுமாரி செலியமேட்டுக் கரும்புக்காரர் மகள். குடும்பத்தில் முதல் பி.ஏ. சென்னைக் கல்லூரியில் பியானோ கற்றவள். இங்கே தற்காலிகப் பாட்டு டீச்சர். அவளைச் சோதித்து நிரந்தரமாக்க வேண்டியவள், அந்த அதிகாரியின் விதவை. கப்பல் ஏறாமல் புதுச்சேரியிலேயே தங்கிவிட்டவள். எல்லாருக்கும் அவள் மதாம். முதல் நாளே விஜயகுமாரியின் கையைப் புரட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"கரும்பு வெட்டுற கை. இதுக்கு எதுக்குப் பியானோ?"

அந்த வார்த்தைக்காகவே விஜயகுமாரி தினமும் பள்ளி விட்டதும் பியானோ முன் உட்கார்ந்தாள்.

மதாம் கொடுத்த பாடத்தில் ஓர் இடம். வலக்கை கடகடவென்று இறங்கி வர வேண்டும். கட்டைவிரல் அழுத்தியதும் அதன் மேலாக மோதிரவிரல் தாண்டி விழ வேண்டும். அச்சிலேயே '4' என்று போட்டிருந்தது. நாலாம் விரல். அங்கேதான் அவளுக்குத் தடுக்கியது.

சோதனைக்கு முந்தின நாள் ஞாயிறு. பெருக்க வந்த குப்பு கூடத்துக்குள் கால் வைக்கவில்லை.

"உச்சிவேளையில அந்தப் பொட்டிகிட்ட ஒக்காராத டீச்சர்."

"ஒக்காந்தா இன்னா ஆவும்?"

"எனக்கு இன்னா தெரியும். நான் சோறு துன்னப் போறேன்."

கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. விஜயகுமாரி வாசித்தாள். தடுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வாசித்தாள்.

மோதிரவிரல் கீழே இறங்கவில்லை.

அதன் நுனியை யாரோ இரண்டு விரலால் பிடித்துத் தூக்கியதுபோல் இருந்தது. ஈரமான, குளிர்ந்த விரல்கள்...

"யாருடி அது?"

கூடத்தில் யாருமில்லை. அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. ஓங்கி அழுத்தினாள். மறுபடி தூக்கியது.

கடைசியில் நடுவிரலைத் தாண்டவிட்டாள். பிடி விட்டது. விரலோட்டம், வெல்லப்பாகு ஊற்றினதுபோல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

மறுநாள் அதே நேரம். மதாம் வந்ததும் வேட்டியை விலக்கினாள்.

"மூடி எங்கே?"

"நான் வந்தப்பவே இல்ல, மதாம்."

விஜயகுமாரி வாசித்தாள். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை.

"நிறுத்து. நாலாம் விரல் எங்கே?"

"அது இல்லாமயே வருதே."

மதாமின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "எல்லம்மா அனுப்பினாளா உன்னை?"

விஜயகுமாரி அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை.

மதாம் அவளை இடித்துத் தள்ளிவிட்டுத் தன் கையைக் கட்டைகள்மேல் வைத்தாள். "நாலு இங்க விழணும். இப்படி..."

டமார்.

மரத்தின்மேல் மரம் அறைந்த சத்தம்.

பிறகு மதாமின் அலறல்.

மோதிரவிரல் நசுங்கித் தொங்கியது. மற்ற நாலில் ஒரு கீறல் இல்லை.

போலீஸ்காரர் கேட்டார்: "மூடியத் தள்ளினியாம்மா?"

"எந்த மூடி? வந்து பாருங்க. என் ரெண்டு கையும் மடியில இருந்திச்சி. தள்ளியிருந்தா, தள்ளினேன்னு சொல்லியிருப்பேன்."

வேலை நிரந்தரமாகவில்லை.

சாயங்காலம் குப்பு ரத்தத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"எல்லம்மா எங்கண்ணன் பொண்ணு. இந்த வூட்லதான் பாத்திரம் தொலக்குனா. மதாம் வாசிக்கிறதப் பாத்தே கத்துக்கிட்டு, உச்சிவேளையில மதாம் தூங்குற நேரமாப் பாத்து இத்த வாசிப்பா. ஒரு நாளு மதாம் பாத்துட்டு மூடியப் போட்டு அறைஞ்சா. மோதிரவெரல் போச்சி. அப்பவும் எல்லம்மா வாசிக்கிறத வுடல, மிச்ச வெரல வச்சே வாசிச்சா. அப்புறம் அந்தப் புண்ணுலயே ரணஜன்னி வந்து செத்துட்டா."

"மூடி எங்க போச்சி, குப்பு?"

குப்பு துணியைப் பிழிந்தாள்.

"மதாம் இந்த வூட்டக் காலி பண்ணதும் எங்கண்ணன் பேத்து எடுத்தாந்து அவ குழியிலயே போட்டுப் பொதைச்சிட்டான். அது அவகிட்டதான் இருக்குது."