எஞ்சினுக்கு மூச்சு முட்டுதாம்!

போன வாரம் எங்கள் வீட்டில் கல்யாணம். என் வீட்டுக்காரரின் அக்கா மகள் ஜெனிக்கு. பெண் வீடு பசுமலை, சர்ச் திருமங்கலத்தில். பெண்ணை அழைத்துப் போவது யார் கார்? தாய்மாமன் கார்தான். அதாவது, எங்கள் கார்.

வாடகைக்கு நல்ல காராகப் பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்தப் பாவத்துக்கு இரண்டு நாள் என்னோடு பேச்சு வார்த்தை இல்லை.

இவருக்கு அந்தப் பழைய டீசல் கார் மேல் அப்படியொரு பாசம். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் பானெட்டைத் திறந்துவிடுவார். கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு அவர் கண்ணில் பட்டது... ஒரு ரப்பர் ஹோஸ்.

கார் சமாச்சாரம் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், நானும் உங்கள் கட்சிதான். எஞ்சினுக்குள் டீசல் எரிகிற புகையில் கொஞ்சம் கசிந்து, ஆயில் கிடக்கும் அடிப்பகுதிக்குள் இறங்கிவிடுமாம். அங்கேயே அடைந்து கிடந்தால் ஆபத்து. அதனால் ஒரு ஹோஸ் வைத்து, அந்தப் புகையை மறுபடி எஞ்சினே இழுத்து எரிக்கும்படி செய்திருக்கிறார்கள். பிரீதர் என்று பெயர். செய்தவர்கள் வெறும் இன்ஜினியர்கள்தானே... எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அழுக்குப் புகைய எஞ்சினுக்கே திரும்பக் குடிக்கக் குடுக்கிறான் பாரு! அதுக்கு மூச்சு முட்டாது?" என்று கொதித்தார். ஹோஸைக் கழற்றி வீசினார். ஹோஸ் இருந்த குழாய் வாயில் காளான் மாதிரி ஒரு குட்டி ஃபில்டரை மாட்டினார்.

"அப்ப அந்தப் புகை எங்க போகும்?" என்றேன்.

"வெளிய."

"வெளியன்னா எங்க?"

"உனக்குச் சொன்னா வெளங்காது."

கல்யாணக் காலை. கார் முழுக்க மல்லிகைச் சரம். பின் சீட்டில் வெள்ளைப் பட்டு, தலையில் நெட், கையில் பொக்கே என்று ஜெனி, பக்கத்தில் நான். மேக்கப் கரையக் கூடாதென்று கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யை முழுசாக வைத்தோம்.

திருநகர் தாண்டியதும் ஒரு நாற்றம்.

"மாமா, என்னமோ கருகுற மாதிரி இருக்கு."

"முன்னால லாரி போகுதுல்ல தாயி."

லாரி போய்விட்டது. நாற்றம் போகவில்லை.

"கப்பலூர் வருதுல்ல... கம்பெனிப் புகை."

கப்பலூர் இன்னும் வரவே இல்லை!

ஜெனி என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. "அத்தை, தலை சுத்துது... வாந்தி வார மாதிரி இருக்கு." எனக்கு உயிரே போய்விட்டது. வெள்ளைப் பட்டு! கண்ணாடியை இறக்கினேன். நெட் பறந்து வந்து என் முகத்தை மூடியது.

"வண்டிய நிறுத்துங்க மாமா!"

ரோட்டோரம் இறங்கி நின்று மூச்சு வாங்கினாள். இவர் பானெட்டைத் திறந்தார். அந்தக் காளான் ஆயில் வடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய நீலப் புகை, முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஓட்டைகளுக்குள் நிதானமாக நுழைந்துகொண்டிருந்தது. ஏ.சி. வெளிக்காற்றை இழுப்பது அந்த வழியாகத்தான். எங்கள் விஞ்ஞானிக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எஞ்சினுக்கு மூச்சு முட்டுதுன்னு பாத்தீங்களே மாமா... எங்களுக்கு முட்டும்னு தோணலையா?" ஜெனி சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. இவர் கைக்குட்டையால் காளானைத் துடைத்தார்.

பின்னால் சொந்தக்காரர்களின் வேன் வந்து நின்றது. விஷயம் கேட்டதும் அவள் அம்மாவே கதவைத் திறந்து, "ஏறு, நேரமாச்சு" என்றார். நெட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜெனி ஏறினாள். வேன் பாட்டுப் பாடிக்கொண்டே கிளம்பியது. இவர் மட்டும் பானெட்டில் கை வைத்தபடி நின்றார். விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. முன் சீட்டில் ஏறினேன். ஏ.சி.யை அணைத்து, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுப் புறப்பட்டோம்.

டோல்கேட்டில் இருந்த தம்பி, பூ அலங்காரத்தைப் பார்த்தார். காலியாகக் கிடந்த பின் சீட்டைப் பார்த்தார்.

"பொண்ணு எங்கண்ணே?"

இவர் காசை மட்டும் நீட்டினார்.

"அய்யய்யோ... ஓடிருச்சா?"

"வேன்ல போகுதுய்யா!" இவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வரிசைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதல் பாட்டு முடிந்திருந்தது. ஜெனி முகம் தெளிந்து நின்றாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டையில் ஆயில் வாடை.

மறுநாள் காலையில் பழைய ஹோஸ் தன் இடத்துக்குத் திரும்பியது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது செட் ஆகல" என்று அறிக்கை. பாவம், மதுரை வெயில்... எத்தனை பழியைத்தான் தாங்கும்!

நல்லது செய்யக் கிளம்புகிறவர்கள் பலர் இப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் மட்டும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

நேற்று மணமக்களை விருந்துக்கு அழைத்தோம். "நானே கார்ல வந்து கூட்டிட்டு வாரேன்" என்று இவர் போனில் சொன்னார். ஜெனி அவசரமாகச் சொன்னாள்: "வேணாம் மாமா, நாங்க பஸ்லயே வாரோம்."

ஏ.சி. பஸ் கூட வேண்டாமாம்.