மெட்டி இருந்த விரல்

மல்லி மொக்கை நகத்தால் கிள்ளக் கூடாது. காம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாகத் திருக வேண்டும். அந்தத் திருகல் என் கைக்கு வராமல் போன வருசம்தான் இந்த நோய் எனக்கு வந்திருக்கிறது. அப்போது அதை நோய் என்று நினைக்கவில்லை. மார்கழிப் பனி என்று நினைத்தோம். பனி போய்ப் பங்குனி வெயில் வந்தும் விரல்கள் அப்படியே இருந்தன.

அகரத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பூந்தோட்டம் உண்டு. விடிவதற்கு முன்பே பூவெடுக்க இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் மொக்கு வாய் திறந்துவிடும், மார்க்கெட்டில் அதை யாரும் சீந்த மாட்டார்கள். என் விரல்களோ வெயில் ஏறிய பிறகுதான் மடங்கவே ஆரம்பிக்கும். முழங்கால் வலி என்று சொல்லித் தோட்டத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

சொல்லாமல் மறைத்தது ஒன்று இருந்தது. காலையில் என்னால் ஜாக்கெட் கொக்கியைப் போட முடியாது. சேலையை இழுத்து இறுக்கிச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து, சூட்டில் விரலைக் காட்டிக் காட்டி, இளகிய பிறகு ஒவ்வொன்றாகப் போடுவேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. பேரன் எடுத்த பிறகும் அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலும் அப்படித்தான். பாதத்தின் முன்பக்கம், விரல்கள் தொடங்குகிற இடத்தில், தரையில் ஊன்றினால் கூழாங்கல்லில் நடப்பது போல் இருக்கும். விரல் வீங்கி மெட்டி அழுந்தியது. எல்லோரும் மெட்டியின் மேல்தான் குற்றம் சொன்னார்கள். வெள்ளி சேரவில்லை, அளவு சரியில்லை என்றார்கள். நாகல் நகரில் ஒரு வெள்ளிக் கடையில் பெரிய மெட்டியாக மாற்றிப் போட்டோம். கொஞ்ச நாளில் அதுவும் இறுகியது. விரலைப் பார்க்க வேண்டிய நாங்கள் மெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்து ஊரில் ஒருவர் வலிக்கு ஊசி போடுவார். முன்பு எங்கோ கம்பவுண்டராக இருந்தவராம். ஊசி போட்ட அன்றே கை காலெல்லாம் பஞ்சு போல ஆகிவிடும், ஓடி ஓடி வேலை செய்வேன். வாரம் முடிவதற்குள் வலி திரும்பி வரும். மறுபடி ஊசி. இப்படியே வருசக்கணக்கில் ஓடியது. என் முகம் உப்பிக் கன்னம் பளபளத்தது. பார்த்தவர்கள் எல்லாம் உடம்பு தேறிவிட்டது என்றார்கள்.

அடுத்த தெருவில் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, இருந்தார். அவருக்கு வாய் கொஞ்சம் துடுக்கு.

“வலிக்கிது வலிக்கிதுங்குற, மூஞ்சி என்னமோ கொழுக்கட்டையாட்டம் இருக்கு. எந்தம்பி காச்சுற பாலெல்லாம் உங்கன்னத்துலதான்டி நிக்கிது” என்பார். நான் சிரித்துக்கொண்டு கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன். அப்போதே விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன.

மெட்டிக்கு அடியில் புண் வைத்து, வாடை வந்த பிறகுதான் வீட்டுக்காரர் என்னைத் திண்டுக்கல்லுக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். பார்த்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. முழங்கால் வலி என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் உப்பிய முகத்தைப் பார்த்தார். “எவ்வளவு நாளா ஊசி போடுறீங்க?” என்று கேட்டார். நான் ஊசி பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பிறகு என் கையை வாங்கி, விரல் கணுக்களைச் சேர்த்து மெதுவாக ஒரு அமுக்கு அமுக்கினார். கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“காலையில எந்திரிச்சா விரல் எவ்வளவு நேரம் இறுக்கமா இருக்கும்?”

“வெயிலு வாசலுக்கு வார வரைக்கும்.”

“ஜாக்கெட் கொக்கி போட முடியுதாம்மா?”

என்னிடம் அதை அதுவரை யாரும் கேட்டதில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அழுகையை அடக்க முடியவில்லை.

அவர் என் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்த்தார். முகம் மாறியது. “மெட்டிய வெட்டி எடுக்கணும். விட்டா இந்த விரலே போயிரும். சீழ் மேல ஏறுனா பாதமும் தப்பாது.”

“அவரு இருக்காரு” என்றேன்.

“யாரு?”

“வெளில உக்காந்துருக்காரு.”

டாக்டரம்மாவுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. புருசன் உயிரோடு இருக்கும்போது மெட்டி கழலக் கூடாது என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காலைக் காட்டினார். அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“வெட்டுங்கம்மா. நான் இங்கனதான நிக்கிறேன்” என்றார்.

நர்சம்மா மோதிரம் வெட்டுகிற சின்னக் கத்தரியால் இரண்டு காலிலும் வெட்டி எடுத்தார். விரலில் ஆழமாக ஒரு பள்ளம் இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள், கைக்கும் காலுக்கும் படம் பிடித்தார்கள். அடுத்த முறை போனபோது டாக்டரம்மா விவரம் சொன்னார். இதற்கு முடக்குவாதம் என்று பேராம். “காவலுக்கு வச்ச நாய் வீட்டு ஆளையே கடிக்கிற மாதிரி. உங்க உடம்பே உங்க மூட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்கு. நீங்க போட்ட ஊசி வலிய அமுக்குச்சு, கடி நிக்கல.”

“அப்ப நாயக் கட்டிப் போட்றணும்” என்றார் வீட்டுக்காரர்.

“கட்டிப் போடலாம். விரட்ட முடியாது. கோணுன விரலும் இனி நேராகாது. இருக்கிறதக் காப்பாத்திக்கலாம்.”

ஊசியைச் சட்டென்று விட்டால் ஆபத்து என்று, அதற்குப் பதிலாக மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார். நாயைக் கட்டுகிற மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும், மறந்தும் தினமும் சாப்பிடக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று இரண்டு பேரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொண்டோம். மறுநாள் முழுக்கக் குமட்டும். ஆனாலும் சில மாதத்தில் கொக்கியை நானே போட்டேன்.

நாத்தனார் என் வெறுங்காலைப் பார்த்த அன்று தெருவே கூடியது.

“குத்துக்கல்லாட்டம் எந்தம்பி இருக்கான், மெட்டியக் கழட்டிட்டு வந்து நிக்கிறியே! ஒனக்கு ஒரு வெரலு பெருசாப் போச்சா?”

“ஏங்க்கா, நான் செத்தா போனேன்? தொட்டுப் பாரு” என்றார் வீட்டுக்காரர்.

“வாயக் கழுவுடா!” என்றவர் அழுதுவிட்டார். அவருக்கு நிஜமாகவே பயம்தான்.

புண் ஆறியதும் வீட்டுக்காரர் நூலை மஞ்சளில் நனைத்து, மெட்டி இருந்த விரல்களில் தளர்வாகக் கட்டிவிட்டார். பூச்சாக்கின் வாயைக் கட்டுவாரே, அந்த முடிச்சு. நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் அவிழ்ந்துவிடும். “வீங்குச்சுன்னா நீயே இழுத்துக்க. எறங்குனதும் நான் கட்டி விடுறேன்” என்றார். வீங்கும்போதெல்லாம் இழுத்தேன். வீக்கம் இறங்கியதும் அவர் என் காலடியில் உட்கார்ந்து கட்டினார். எனக்குக் கூச்சமாக இருக்கும். யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்கு அடுத்த மாசியில் அவர் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே விழுந்து கிடந்தார். நெஞ்சு வலியை வாயு என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டிருந்தவர். தூக்கிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. சுவரைப் பார்த்து அழுதார். “வெட்டுன அன்னைக்கே தெரியும்டா அப்பு, வெட்டுன அன்னைக்கே தெரியும்” என்றே சொல்லி அழுதார். வந்தவர்கள் எல்லாம் என் காலைப் பார்த்தார்கள்.

கருமாதி அன்று விடியற்காலையில் என்னை நடுவீட்டில் உட்காரச் சொன்னார்கள். அந்த நேரத்துக்கு என் கால் மடங்காது. நின்றுகொண்டே இருந்தேன்.

“சேரு எதும் போடவா?” என்றாள் ஒருத்தி.

“கருமாதிக்கு என்னடி சேரு? கல்யாணமா நடக்குது?” என்றாள் இன்னொருத்தி.

நாத்தனார்தான் சேரை இழுத்துப் போட்டார். தாலியைக் கழற்றினார்கள், வளையலை உடைத்தார்கள். பிறகு மெட்டி நூலை அவிழ்க்க நாத்தனார் குனிந்தார். என் பாதத்தை அவர் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்த விரல்களையும் அந்தப் பள்ளத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நகத்தால் நூல் முடிச்சை நெருடினார். அவிழவில்லை.

“அந்த நுனியப் பிடிச்சு இழுங்க மதினி” என்றேன். அன்று நான் பேசியது அது ஒன்றுதான்.

இழுத்தார். அவிழ்ந்துவிட்டது. அவ்வளவு லேசாக அது அவிழ்ந்திருக்க வேண்டாம்.