சுர்ரென்று கேட்காத கடைசி வரிசை

ஆர்டிஸ் டோலெஃப்சன் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ்ஸை இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள். பனியில் டயர் வழுக்கும் மலைச்சாலையில் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகிறாயே, பயமாக இருக்காதா என்று கேட்டால், "பயப்பட நேரம் எங்க இருக்கு? பின்னால உக்காந்து அடிச்சுக்குதுங்களே, அதுங்களைத் திட்டவே நேரம் பத்தலை" என்பாள். அவள் பயந்து நான் பார்த்ததில்லை. பயந்ததாக அவளே என்னிடம் ஒத்துக்கொண்டது ஒரே ஒரு காலைப்பொழுதைப் பற்றித்தான். அது எல்க் மான் வேட்டைப் பருவம் திறக்கிற சனிக்கிழமை.

எங்கள் பக்கம் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை யாரும் எறிவதில்லை. பொறுக்கி வந்து கழுவி, அடியில் பொறி கொடுக்கிற புதுக் கேப்பை அழுத்தி வைத்து, வெடிமருந்து போட்டு, முனையில் குண்டைப் பொருத்தினால் மறுபடியும் தோட்டா. ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் பித்தளை விறைத்துக்கொண்டே வரும். நாலைந்து சூட்டுக்குப் பிறகு கழுத்துப் பக்கம் விரிசல் விடும். அதற்கு வைத்தியம் நெருப்புதான். கழுத்தை கேஸ் டார்ச்சின் தீயில் காட்டினால் பித்தளை இளகும். ஆனால் கழுத்து மட்டும்தான் இளகவேண்டும், அடிப்பாகம் இளகவே கூடாது. வெடிப்பை முழுசாகத் தாங்குவது அந்த அடிதான், அது இருப்பது சுடுகிறவர் கண்ணிலிருந்து ஒரு சாண் தூரத்தில். அடி மெத்தென்று ஆகிவிட்ட கூடு உள்ளே கிழிந்தால், நெருப்பும் பொடிப்பித்தளையும் பின்பக்கமாக வந்து முகத்தில் அடிக்கும்.

ஆர்டிஸின் புருஷன் மெர்லுக்குக் கைநடுக்கம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து நெருப்பு வேலை அவளுடையது, மிச்ச வேலை அவனுடையது. மகள் ஷானாவும் மருமகன் ப்ரென்ட்டும் வைத்திருக்கிற இரண்டு துப்பாக்கியும் மெர்ல் கொடுத்ததுதான், இரண்டுக்கும் ஒரே அளவுத் தோட்டா. வருஷா வருஷம் வேட்டைக்கு முந்தின வாரம் நாற்பது தோட்டா தயாராகிவிடும். ப்ரென்ட் வந்து இரண்டு பெட்டியாக வாங்கிப்போவான். ஷானா சுடுவது அபூர்வம், பெரும்பாலும் அவன்தான் சுடுவான் என்று ஆர்டிஸ் நினைத்திருந்தாள்.

வேலை இப்படி. ஒரு பழைய தகரத் தட்டில் பாதி உயரத்துக்குத் தண்ணீர். அதில் கூடுகளை வரிசைக்குப் பத்தாக நாலு வரிசை நிறுத்திவைப்பாள். அடி தண்ணீருக்குள் குளிர்ச்சியாக இருக்கும், கழுத்து வெளியே தெரியும். கராஜ் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் காட்டுவாள். இருட்டில் கழுத்து மங்கலாகச் சிவக்கத் தொடங்கும்போதே கம்பியால் தட்டிச் சாய்க்கவேண்டும். கூடு தண்ணீரில் விழுந்து 'சுர்' என்னும். அடுத்தது.

அந்த வருஷம் நாலாவது வரிசையைத் தொடங்கும்போது ஷானாவின் போன் வந்தது. ஆர்டிஸ் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டாள். தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு இந்தத் தடவை ப்ரென்ட்டின் அம்மா வீட்டுக்குப் போகிறோம் என்றாள் ஷானா.

"போன தடவையும் அங்கதானே போனீங்க?"

"அதுக்கு முந்தி நாலு தடவை உன் வீட்டுலதாம்மா."

"உன் புருஷன் சொல்லிக்குடுத்த கணக்கா?"

"அம்மா, எனக்கே நாலு வரைக்கும் எண்ணத் தெரியும்."

டார்ச்சைப் பிடித்தபடியே ஆர்டிஸ் கத்தினாள். வேலை முடிந்தது, சண்டைதான் முடியவில்லை.

சூடு பட்ட பித்தளையில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை படியும். அது எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தாலே சூடு எதுவரை போனது என்று தெரிந்துவிடும். கடைத் தோட்டாவில் அந்தக் கறை அப்படியே இருக்கும். மெர்லுக்கு அது பிடிக்காது. "அழுக்கோட குடுத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று, வாதுமை ஓட்டுத்தூள் நிரப்பிய டிரம்மில் நாற்பதையும் போட்டு ஒரு நாள் முழுக்க உருட்டுவான். வெளியே வரும்போது எல்லாம் ஒன்றுபோல மின்னும்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு, மான் கிடைத்தால் கறி வைக்க இடம் வேண்டுமே என்று ஃப்ரீசரை ஒழிக்க கராஜுக்குப் போனாள் ஆர்டிஸ். மேஜையடியில் இருந்த அட்டைப்பெட்டி ஒரு மூலையில் ஊறி உப்பி, காய்ந்து சுருங்கியிருந்தது. கூரையைப் பார்த்தாள், ஒழுகவில்லை. மேஜைமேல் தகரத் தட்டு இருந்தது. அதில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பிடித்தாள். துருப்பிடித்த மூலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அடுத்து இன்னொன்று, பிறகு நிற்காமல்.

நாலாவது வரிசை அந்த மூலையில்தான் நின்றது. தண்ணீர் இறங்கிப்போயிருந்தால் கழுத்தோடு அடியும் இளகியிருக்கும். அந்தப் பத்தையும் சாய்த்தபோது சுர்ரென்ற சத்தம் வந்ததா? ஷானாவின் குரல் ஞாபகம் வந்தது. தான் கத்தியது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது. அந்தச் 'சுர்' ஞாபகம் வரவில்லை. பித்தளை தகரத்தில் விழுந்த 'டங்' மட்டும் காதில் இருந்தது.

சமையலறையில் மெர்ல் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"மெர்ல், கேப்பு வைக்கும்போது ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

"இல்லையே. நல்லாத்தான் போச்சு. சிலது வெண்ணெயில விரல் போற மாதிரி போச்சு. கைக்கு பலம் வந்துருச்சுன்னு நினைச்சேன்."

"எத்தனை?"

"எட்டு இருக்கும். ஒன்பதோ. ஏன்?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சந்தோஷமா இருந்தேன் ஆர்டிஸ். அதைப் போய் என்னன்னு சொல்றது?"

தட்டை அவன் முன்னால் தூக்கிப் பிடித்தாள். மேஜைமேல் ஒரு சொட்டு விழுந்தது. ஐம்பது வருஷம் தோட்டா செய்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. காப்பியைக் கீழே வைத்தான், பாதி சிந்தியது.

ப்ரென்ட்டுக்குப் போன் போட்டாள், ஷானாவுக்குப் போட்டாள். இரண்டிலும் பதிவுக்குரல்தான். அந்த மலைக்குப் பின்னால் சிக்னல் கிடையாது. விடிவதற்கு முன்பே இருவரும் போய்விட்டார்கள். இரவு உடையின்மேல், வேட்டைக்காரர் கண்ணில் படுகிற ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு பிக்கப் வண்டியில் ஏறினாள். மெர்ல் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் செருப்புமாக ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

நாற்பது நிமிஷப் பாதை. வேட்டை திறக்கிற அன்று காலையில் மலை முழுக்கத் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். மற்ற வருஷமெல்லாம் அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டே அப்பம் சுடுவாள். அன்று தூரத்தில் ஒன்று வெடித்தபோது அவள் கால் தானாக பிரேக்குக்குப் போனது. அடுத்தது வெடித்தபோது வண்டியே ஒரு குலுங்கு குலுங்கியது.

"பாத்து ஓட்டு."

"போன மாசம் சர்ச் சாப்பாட்டுல அவனைப் பத்தி நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு" என்றான் மெர்ல்.

ப்ரென்ட் வேட்டைக்குப் போய் அப்படியே திரும்பாமல் இருந்தால் மான்களெல்லாம் சர்ச்சுக்கு வந்து நன்றி சொல்லும் என்று சொல்லியிருந்தாள். நாற்பது பேர் சிரித்தார்கள், ப்ரென்ட்டும் சிரித்தான். பதினொரு வருஷமாக அவனை அப்படித்தான் பேசிவருகிறாள். அவன் முகத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால், கைதவறி நடந்தது என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஊர் நம்பாவிட்டால் போகட்டும், ஷானா நம்புவாளா? அதையும் மீறி அவளுக்குக் கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தது அந்த ஒரு சாண் தூரம்தான்.

பாதை முடிகிற கேட்டருகே ப்ரென்ட்டின் வண்டி பனி மூடி நின்றது. இரண்டு பேருடைய காலடித்தடம் ஓடைவரை ஒன்றாகப் போய் அங்கே பிரிந்திருந்தது. பனி விழுந்து பாதி மூடியிருந்ததால் எது யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிவந்து ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள்.

வேட்டை திறந்த காலையில் மலையடியில் ஹாரன் அடிப்பது எங்கள் ஊரில் கொலைக்கு ஒரு படிதான் கீழே. மரங்களுக்கு நடுவிலிருந்து ஒருவன் கெட்ட வார்த்தையோடு கிளம்பி வந்தான்.

"யாருய்யா அது? மூளையை வீட்டுல வச்சுட்டு வந்தியா? ஒரு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன், மொத்த மந்தையையும் விரட்டிட்டியே…" பக்கத்தில் வந்ததும் நின்றான். "மிஸஸ் டோலெஃப்சன்? நீங்களா?"

"ப்ரென்ட்டைப் பாத்தியா?"

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் எச்சில் துப்பியவன், இப்போது தாடியும் தொப்பையுமாக இருந்தான். "ஓடைக்கு வடக்கால போனாருங்க மேடம்" என்று தொப்பியைக் கழற்றினான்.

"நீ அடிச்சுக்கிட்டே இரு" என்று மெர்லிடம் சொல்லிவிட்டு இறங்கினாள் ஆர்டிஸ். மெர்லின் கை நடுங்க நடுங்க ஹாரனும் விட்டு விட்டு அலறியது. அவள் வடக்குத் தடத்தில் நூறு அடி போவதற்குள் சரிவிலிருந்து ப்ரென்ட் இறங்கிவந்தான். முகம் முழுசாக இருந்தது. அவனைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னாள்.

"மெர்லுக்கு என்னாச்சு? நெஞ்சுவலியா?"

"சுட்டியா? எத்தனை சுட்டே? தோட்டாவை எடு. எல்லாத்தையும் எடு. அடி இளகிப்போச்சு ப்ரென்ட், தட்டு ஓட்டை, பத்து கெட்டது கலந்திருக்கு, எதுன்னு தெரியாது…"

ப்ரென்ட் துப்பாக்கியின் பின்தாழான போல்ட்டை இழுத்து உள்ளே இருந்த தோட்டாவைக் கையில் எடுத்துக் காட்டினான். அதன் கழுத்தில் நீலக் கறை அப்படியே இருந்தது.

"இது கடையில வாங்கினது ஆர்டிஸ். ஆறு வருஷமா நான் கடைத் தோட்டாதான்."

"ஏன்?"

"நீங்க என்னைப் பாக்கிற பார்வைக்கு வேற யாரா இருந்தாலும் கடைக்குத்தான் போவாங்க."

அவளுக்குக் கோபம் வர நேரமில்லை. "அப்ப ரெண்டு பெட்டியும்?"

சொல்லவந்த ப்ரென்ட்டின் வாய் பாதியில் நின்றது. அவன் முகம் மாறியதைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஷானாகிட்ட" என்றான். "நீங்க செஞ்சது தவிர அவ வேற எதையும் போட மாட்டா."

ஹாரனுக்கு மிரண்டு கிளம்பிய மான் மந்தை எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. ஷானா போன கிழக்குச் சரிவு. ப்ரென்ட் இரண்டு எட்டு வைத்திருப்பான். மேலே மிகப் பக்கத்தில் ஒரு வெடி கேட்டது. வழக்கமான சத்தமாக இல்லை, மொண்ணையாக, சட்டியை உடைத்ததுபோல இருந்தது.

மேலேயிருந்து அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ப்ரென்ட் ஓடினான். ஆர்டிஸ் அறுபத்தொரு வயசு முழங்காலோடு, கையும் காலுமாகப் பனியில் தவழ்ந்து ஏறினாள்.

ஷானா ஒரு பைன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கி பனியில் கிடந்தது. வலது கன்னத்தில் மிளகைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள், புருவத்திலிருந்து ரத்தம். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் முழுக்கக் கொத்திப்போட்ட மாதிரி வெளுத்திருந்தது. வலது கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். முன்னால் மண்டியிட்டிருந்த ப்ரென்ட்டின் கை அவள் முகத்துக்குப் பக்கத்தில், தொடத் தெரியாமல் நின்றது.

"நகரு" என்றாள் ஆர்டிஸ். "கண்ணைத் திறடி."

"மாட்டேன்."

"திற. பாக்கணும்."

"திறந்து ஒண்ணும் தெரியலைன்னா? கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேம்மா."

ஆர்டிஸ் மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான்தான் பண்ணினேன். தட்டுல தண்ணி இறங்கினதைப் பாக்கலை. உன்கூடக் கத்திக்கிட்டு இருந்தேன்."

ஷானா கண்ணை மூடியபடியே கேட்டாள். "ப்ரென்ட்டுக்குத்தானேன்னு விட்டுட்டியா?"

ப்ரென்ட் பக்கத்திலேயே இருந்தான். இல்லை என்று சொல்வது சுலபம். ஆர்டிஸ் யோசித்தாள். சத்தம் வராதபோது மனசின் ஓரத்தில் ஏதோ ஒன்று எட்டிப்பார்த்ததும், இருக்கட்டும் என்று அதை அவளே தள்ளியதும் உண்டா?

"தெரியலை" என்றாள். "உனக்குன்னு நினைச்சிருந்தா விளக்கைப் போட்டுப் பாத்திருப்பேன்."

கீழே மெர்ல் ஹாரனை அடித்துக்கொண்டேயிருந்தான்.

"சரி, இப்பத் திற" என்றான் ப்ரென்ட். "ரெண்டு பேருமாப் பாக்கிறோம்."

இமை ஒட்டிப் பிரிந்தது. உள்ளே ஒரே சிவப்பு. தண்ணீர் கொட்டியது. கருவிழி அசைந்து ஆர்டிஸின் முகத்தில் வந்து நின்றது.

"என்ன தெரியுது?"

"நீதான். மூக்கு ஒழுகுது உனக்கு."

துப்பாக்கியின் போல்ட் திறக்கவே இல்லை, கிழிந்த கூடு உள்ளே சிக்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு தோளில் மாட்டி, மிச்சத் தோட்டாக்களை உடம்பிலிருந்து தள்ளி, பாம்பைப் பிடித்தவன்போல நீட்டிப் பிடித்துக்கொண்டு ப்ரென்ட் முன்னால் இறங்கினான். ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம் போகவேண்டும். ஆர்டிஸ் மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பத்தடிக்கு ஒரு தடவை நின்று, நல்ல கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"இப்பத் தெரியுதா? அது என்ன?"

"மரம்."

"அது?"

"இன்னொரு மரம்மா. இங்க வேற என்ன இருக்கு?"

"சரியாப் பாத்துச் சொல்லு" என்றாள் ஆர்டிஸ்.