மூண்டு எண்ண முந்தி வைச்ச கோப்பை

நான் சந்தேகக்காரி. அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்லை. பால் வாங்கினால் திகதியைப் பாத்த பிறகும் மணந்து பாத்துத்தான் தேத்தண்ணிக்கு விடுவன். என்ரை வேலையும் அப்பிடி. சிட்னியிலை பரமட்டாவுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்திலை பின்னேர ஷிப்ற். குளிசையை விழுங்கின மாதிரிக் காட்டிப்போட்டு நாக்குக்குக் கீழை ஒளிச்சு வைச்சிருக்கிற ஆக்களை முகத்தைப் பாத்தே பிடிச்சுப்போடுவன். அப்பிடிப்பட்ட என்னை என்ரை மனுசனே ஏமாத்திறாரோ எண்ட எண்ணம் இந்த வருச ஆடியிலை வந்தது. அந்த மாதம் முழுக்க எனக்குத் தெரியவேணும் எண்டிருந்தது ஒண்டுதான். இந்த ஆள் எனக்குப் பொய் சொல்லுறாரா, இல்லையா?

விசயம் மல்யுத்தம். சிரிக்கிறவை சிரிக்கலாம்.

ஜப்பானிலை ஒவ்வொரு வருசமும் அவையின்ரை கோடை காலத்திலை, எங்களுக்குக் குளிர் காலத்திலை, ஒரு மாதச் சுற்றுப்போட்டி நடக்கும். ரெண்டு பிரிவாய்ப் பிரிஞ்சு, ஒரு பிரிவிலை இருக்கிற எல்லாரும் எல்லாரோடையும் மோதவேணும். வெண்டால் ரெண்டு புள்ளி, சமநிலை எண்டால் ஒண்டு. ஒவ்வொரு பிரிவிலையும் முதல் ரெண்டு இடத்திலை வாறவை அரையிறுதிக்குப் போவினம். எதிராளியை மல்லாக்கக் கிடத்தி, நடுவர் கையாலை நிலத்திலை அடிச்சு மூண்டு எண்ணினால் வெற்றி. மூண்டுக்கு மயிரிழை முந்தித் தோளைத் தூக்கிப்போட்டால் மட்ச் தொடரும். ரெண்டுக்கும் மூண்டுக்கும் நடுவிலை இருக்கிற அந்தத் துளி நேரத்துக்காகத்தான் நானும் அவரும் ஏழு வருசமாய் கிரவீனிலை எங்கடை வீட்டிலை ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இதைப் பாக்கிறம்.

மகள் மெல்பேணுக்கு வேலைக்குப் போகேக்கை ரீவியிலை போட்டுவிட்டிட்டுப் போன ஆப் அது. இப்ப அவள் அங்கை டண்டினொங் பக்கம் இருக்கிறாள். "அம்மா, இட்ஸ் ஆல் ஸ்கிரிப்டட், யூ நோ தட், ரைற்?" எண்டு போனிலை கேப்பாள். எனக்குத் தெரியாதே, பிள்ளை? ஆர் வெல்லுறது எண்டு தங்களுக்குள்ளை முதலே பேசி வைச்சிருப்பினம். பேசி வைச்சாலும் விழுறவன்ரை முதுகு நோகத்தானே செய்யும். மூண்டு வருசத்துக்கு முந்தி ஒரு பெடியன் தலைகீழாய் விழுந்து, கழுத்து அசையாமல் ஸ்ட்ரெச்சரிலை கொண்டுபோனவை. பிறகு அவன் சுகமாய் வந்திட்டான். நான்தான் மூண்டு நாள் ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை. அந்த மட்சைப் பற்றி எங்கடை வீட்டிலை கதைக்கிறேல்லை.

முடிவு அவைக்குத் தெரியலாம், எங்களுக்குத் தெரியப்படாது. அது வீட்டுச் சட்டம். நேரடியாய்க் காட்டிறது சிட்னி நேரம் பின்னேரம் ஏழரைக்கு. அந்த நேரம் நான் வேலையிலை நிப்பன். அவர் பஸ் ஓட்டிறவர், விடியக் கருக்கலிலை போய் ரெண்டு மணிக்கு வந்திடுவார். ஆனால் ஒராள் இல்லாமல் மற்றவர் பாக்கப்படாது, அதாலை வார நாளிலை நடக்கிறதை அண்டைக்கு ரெண்டு பேரும் பாக்கிறேல்லை. ஆப்பிலை பதிஞ்சு கிடக்கிறதைச் சனி, ஞாயிறு விடியத் தேத்தண்ணியோடை சேர்ந்து இருந்து பாப்பம். புள்ளி அட்டவணை பிறிட்ஜ் கதவிலை ஒட்டியிருக்கும், எழுதுறது நான். ஜப்பான் பேருகள் வாயிலை நுழையாததாலை நாங்களே பேர் வைச்சிருந்தனாங்கள். தோளிலை பிளாஸ்ரர் ஒட்டின வயசாளி கட்டையர். வானத்துக்கும் நிலத்துக்கும் நிக்கிறவர் நெட்டையர். மேடையிலை ஏறினவுடனை நாலு மூலைக்கும் கும்பிடுறவர் பூசாரி.

இந்தச் சுற்றிலை எனக்குப் பிடிச்ச மட்ச் எது எண்டு கேட்டால் மூண்டு சொல்லுவன். மூண்டையும் நான் ஒரு கண்ணாலைதான் பாத்தனான். மற்றக் கண் அவரிலை.

முதலாவது, கட்டையரும் நெட்டையரும். நெட்டையர் அந்த மனுசன்ரை நெஞ்சிலை அடிச்ச அடி, நனைஞ்ச துவாயைக் கல்லிலை அடிச்ச மாதிரிக் கேட்டது. கட்டையர் விழுவார், எழும்புவார், இன்னும் அடி எண்டு நெஞ்சைக் காட்டுவார். கடைசியிலை நெட்டையர் அவரைத் தலைக்கு மேலை தூக்கிப் போட்டு அமத்தினார். ஒண்டு. ரெண்டு. நான் செற்றியை விட்டு எழும்பிட்டன். கட்டையர் தோளைத் தூக்கிப்போட்டார். திரும்பிப் பாக்கிறன், என்ரை மனுசன் ஆறுதலாய்த் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். ஏழு வருசமாய் ரெண்டு எண்ணக்குள்ளை "ஐயோ" எண்டு துள்ளுற ஆள்.

கொஞ்சம் செல்ல, மேடையிலை பெரிசாய் ஒண்டும் நடக்காத நேரம் பாத்து, கோப்பையைப் பக்கத்துச் சின்ன மேசையிலை வைச்சார். வைச்சு அரை நிமிசமில்லை, கட்டையர் நெட்டையரைச் சடாரெண்டு சுருட்டி அமத்த நடுவர் மூண்டு எண்ணிப்போட்டார். "அட!" எண்டு அவர் எழும்பிக் கை தட்டினார். எழும்பினது சரி, கோப்பையை ஏன் முதலே வைச்சவர்? எனக்கு மூக்கிலை வேர்த்திட்டுது.

ரெண்டாவது, கட்டையரும் பூசாரியும். அரை மணித்தியாலம்தான் மட்சுக்குக் குடுக்கிறது. இருபத்தைஞ்சு நிமிசம் ஓடிட்டுது, ரெண்டு பேராலையும் எழும்ப ஏலாது, முழங்காலிலை நிண்டு ஆளையாள் அறையினம். இவர் எழும்பிக் குசினிக்குள்ளை அரிசி கழுவப் போறார்.

"எங்கை போறியள்? முடியப்போகுது," எண்டன்.

"இது இப்ப முடியாதப்பா. நீர் பாரும்."

சொன்ன மாதிரியே நேரம் முடிஞ்சு மணி அடிச்சது. சமநிலை. ரெண்டு பேரும் ஒருத்தன்ரை தலைமயிரை மற்றவன் பிடிச்சபடி கிடந்தினம். எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. கண்ணைத் துடைச்சுக்கொண்டு குசினிக்குப் போய், "எப்பிடித் தெரியும்?" எண்டு கேட்டன். "அனுபவம்," எண்டார். அனுபவமாம். ஆற்றை காதிலை பூ சுத்துறார்?

அதே சனிக்கிழமை இன்னொரு மட்ச் வேலை செய்யேல்லை எண்டார். அதுக்கு முந்தினதும் ஓடினது, பிந்தினதும் ஓடினது, அது மட்டும் ஓடாதாம். "இன்ரநெற் சரியில்லை, நெட்டையருக்கு ரெண்டு புள்ளி போடும்," எண்டார். போட்டன். புள்ளிக்குப் பக்கத்திலை பென்சிலாலை ஒரு கேள்விக்குறியும் போட்டன்.

இதுக்கிடையிலை வீட்டிலை இன்னொரு விசயமும் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு மூத்திரத்தோடை ரத்தம் போய், சிறுநீரகத்தை ஸ்கான் எடுத்தவை. முடிவு சொல்ல வெள்ளிக்கிழமை ரெண்டு பேரையும் பெரிய டொக்டர் வரச் சொல்லியிருக்கிறா எண்டு சொன்னார். அதை நினைக்கப் பயந்துதான் மட்சுக் கள்ளனைப் பிடிக்கிறதிலை மும்முரமாய் நிண்டிருக்கிறன். அது அந்த நேரம் எனக்கு விளங்கேல்லை.

மூண்டாவது மட்சுக்குப் பொறி வைச்சன். பக்கத்திலை இருந்த சின்ன மேசையைத் தூசி தட்டப் போறன் எண்டு சொல்லி மற்ற அறைக்குள்ளை கொண்டுபோய் வைச்சன். பூசாரியும் நெட்டையரும் மோதினம். பூசாரி நெட்டையரின்ரை காலை மடக்கி இடுக்கிலை மாட்டினார். அவ்வளவு பெரிய உடம்பு மேடைக் கயித்தைப் பிடிக்க விரல் விரலாய் ஊர்ந்து போகுது. கயித்தைப் பிடிச்சால் மற்றவர் விடவேணும், ஒருக்கால் பிடிச்சுத் தப்பினார். பூசாரி திரும்ப மாட்டினார். என்ன அழகான மட்ச், நான் பாத்ததோ கோப்பையை. என்ரை மனுசன் இடப்பக்கம் பாத்தார், வலப்பக்கம் பாத்தார், மேசையைக் காணேல்லை. பிறகு குனிஞ்சு ரெண்டு காலுக்கும் நடுவிலை கார்ப்பெட்டிலை கோப்பையை வைச்சார். நான் மனசுக்குள்ளை இருபது எண்ணக்குள்ளை நெட்டையர் தோல்வியை ஒத்துக்கொண்டு நிலத்திலை தட்டினார்.

கையும் களவுமாய்ப் பிடிச்சாச்சு. நான் வேலைக்குப் போன பின்னேரங்களிலை இவர் தனிய இருந்து பாத்துப்போட்டு, சனிக்கிழமை எனக்கு நடிக்கிறார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டன். வெள்ளிக்கிழமை முடியட்டும், அதுக்குப் பிறகு இருக்கு உங்களுக்கு எண்டு நினைச்சன்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனம். கீழ்க் கடையிலை அவர் தனக்கொரு தேத்தண்ணி வாங்கினார். குடிச்சு முடிய முந்திக் கூப்பிட்டிட்டினம், பேப்பர் கோப்பையோடையே உள்ளை வந்தார். டொக்டர் வயசு குறைஞ்ச பொம்பிளை, நல்ல மாதிரி. கதவைச் சாத்தினா, இருந்தா, கம்பியூட்டரை எங்கடை பக்கம் திருப்பினா. வாய் திறக்க முந்தி அவ பாத்தது என்னையில்லை. அவரைத்தான்.

அவர் குனிஞ்சு, கதிரைக் காலுக்குப் பக்கத்திலை கோப்பையை வைச்சார்.

டொக்டர் கதைக்கத் தொடங்கினா. முதல் நாலைஞ்சு வசனம் என்ரை காதிலை விழேல்லை. நான் அந்தக் கோப்பையைத்தான் பாத்துக்கொண்டிருந்தன். கட்டி எண்டதும், நல்லதில்லை எண்டதும், ஒரு சிறுநீரகத்தை எடுக்கவேணும் எண்டதும் பிறகுதான் கேட்டது. "ஓ," எண்டு அவர் அதிர்ச்சியாய்த் தலையைப் பிடிச்சார். கட்டையர் வெண்ட நேரம் எழும்பின அதே கணக்கிலை, கொஞ்சம் பிந்தி.

காருக்குள்ளை ஏறினாப் பிறகு கேட்டன்.

"எப்ப தெரியும்?"

"என்ன எப்ப?"

"கோப்பையைக் கீழை வைச்சனீங்கள்."

அவர் ஸ்ரியரிங்கைப் பிடிச்சபடி முன்னாலை பாத்துக்கொண்டிருந்தார். "போன புதன். நீர் வேலைக்குப் போனாப் பிறகு தனிய வந்தனான். உமக்குத் திரும்ப முதலிலையிருந்து சொல்லச் சொல்லி டொக்டரைக் கேட்டனான்."

"மட்சுகள்?"

"அதுவும்தான். மூண்டு வருசமாய். அந்தப் பெடியன் கழுத்தடிபட்டு விழுந்ததுக்குப் பிறகு நீர் பட்ட பாட்டைப் பாத்தனானல்லோ. முதல் நான் பாத்திட்டு, உமக்கு ஏலாததை விட்டிட்டு மற்றதைப் போடுவன். உந்த இன்ரநெற் வேலை செய்யாததிலையும் ஒருத்தனுக்கு மண்டை உடைஞ்சது."

மூண்டு வருசம். குளிசை ஒளிக்கிறவையைப் பிடிக்கிற எனக்கு மூண்டு வருசம் தெரியேல்லை. அவ்வளவு ஒழுங்காய் நடிச்ச மனுசன், இந்த ஆடியிலைதான் துள்ள மறந்திருக்கிறார். தன்ரை உடம்பிலை என்ன இருக்கோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தவருக்கு மற்றவன் விழுறதுக்கு எங்கை "ஐயோ" வரும்?

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோவம் கூட வந்தது. "உங்களை ஆர் உதைக் கேட்டது?" எண்டன். "நீங்கள் முதல் பாத்தால், பக்கத்திலை நீங்கள் இருந்தாலும் நான் தனியத்தான் பாக்கிறன். புதன்கிழமை நீங்களும் தனியத்தானே இருந்தனீங்கள்?"

அதுக்குப் பிறகுதான் அவர் அழுதார்.

சனிக்கிழமை ரீவியை ஆரும் தொடேல்லை. மகளுக்குப் போன் எடுத்தம். அவள் ஒரு வசனமும் இங்கிலிஷிலை கதைக்கேல்லை. "நான் வாறன் அம்மா," எண்டாள்.

ஞாயிறு இறுதிப் போட்டி, பின்னேரம் நாலு மணிக்கு நேரடியாய். எனக்கு லீவு நாள். நடந்துகொண்டிருக்கிறதை எந்தக் கொம்பனாலையும் முதலே பாக்க ஏலாது எண்டு நான்தான் ரீவியைப் போட்டன். சின்ன மேசையைத் திரும்பக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்திலை வைச்சன். தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். மேடைக்கு ஆர் வருகினம் எண்டுகூட எங்களுக்குத் தெரியாது. கட்டையர் வந்தார். பிறகு பூசாரி வந்து நாலு மூலைக்கும் கும்பிட்டார்.

இருபது நிமிசம் தாண்டியிருக்கும். பூசாரி கட்டையரை அந்தப் பிளாஸ்ரர் தோள் நிலத்திலை பட அடிச்சு விழுத்தி அமத்தினார். ஒண்டு. ரெண்டு. முடிஞ்சுது எண்டு நான் கண்ணை மூடிட்டன். கட்டையர் தோளைத் தூக்கிப்போட்டார். "ஐயோ" எண்டு என்ரை மனுசன் துள்ளினார், கோப்பை கையிலையே இருக்க. கட்டியிருந்த சாரமெல்லாம் தேத்தண்ணி, செற்றியெல்லாம் தேத்தண்ணி, மேசையிலை மட்டும் ஒரு சொட்டும் இல்லை.

வெண்டது பூசாரிதான். அட்டவணையிலை எழுதிப்போட்டன். கார்ப்பெட்டிலை கறை கிடக்கு, நான் இன்னும் துடைக்கேல்லை. வாற மாதம் ஒப்பரேசன். அது எப்பிடி முடியும் எண்டு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த முறை ரெண்டு பேரும் சேர்ந்துதான் தெரியாமல் இருக்கிறம்.